மின் இணைப்பும் முறுக்களவும்

நம் நாட்டுச் செய்தித்தாள்களில் தீ விபத்தைப் பற்றிய செய்தி எதனை எடுத்து நோக்கினும், அதன் கடைசியில் ஒரு வாக்கியம் பெரும்பாலும் வந்து நிற்கும். விபத்துக்கு மின்கசிவே காரணம் என்று. பஞ்சாலையாயினும் சரி, பனியன் கம்பெனியாயினும் சரி, ஓலைக் குடிசையாயினும் சரி, தீர்ப்பு ஒன்றேதான். தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இச்சொல்லின்மேல் நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. கசிதல் என்பது கலத்திலுள்ள நீர் சிறு துளையின் வழியே புறத்தே போதல். மின்சாரமும் தனக்குரிய கம்பியை விட்டு, ஈரச் சுவரின் வழியாகவோ மனிதன் உடலின் வழியாகவோ நிலத்தை அடையுமாயின் அதனைக் கசிவு என்பது பொருந்தும். ஆனால், கம்பியைப் பிடித்திருக்கும் திருகாணி ஒன்று தளர்ந்து, அவ்விடத்தில் வெப்பம் மிகுந்து, அருகிலுள்ள பஞ்சு பற்றிக்கொள்ளுமாயின், அங்கே கசிந்தது யாது? ஒன்றுமில்லை. மின்சாரம் தன் வழியிலேயே சென்றது, வழியில் ஓரிடம் குறுகிக் கிடந்தது, அவ்வளவே.

இஃது இலக்கணக்காரன் குற்றங்காணும் வேலையன்று. நோய்க்குப் பெயரைப் பிழையாக இட்டால் மருந்தையும் பிழையாகவே தேடுவோம். மின்சாரத்தால் நேரும் தீங்குகளைத் தடுக்க நம் வீடுகளிலும் ஆலைகளிலும் இரண்டு காவலர் உளர். ஒருவர் பியூஸ், இக்காலத்தில் அவர் இடத்தில் எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்சு அமர்ந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் வரின் அது தொடர்பை அறுத்துவிடும். மற்றவர் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காவலர். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒத்திராவிடில் அவர் விழித்துக்கொள்வார். தளர்ந்த இணைப்பிலோ மின்னோட்டம் மிகுவதில்லை. தடை கூடுவதனால் சற்றுக் குறையவும் கூடும். போனதெல்லாம் குறையாமல் திரும்பியும் வருகிறது. ஆகவே காவலர் இருவரும் கண் விழித்திருக்கையிலேயே ஒரு திருகாணியின் அடியில் தீ மூளுகிறது. சிலவேளை அத்திருகாணி அக்காவலரின் உடம்பிலேயே இருக்கிறது என்பது நகைப்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரியது.

இதனைத் தடுக்கும் முதல் வழி, இணைப்பைச் செய்யும்பொழுதே அதனைத் தக்க அளவுக்கு இறுக்குதல். அவ்வளவை எண்ணாகக் காட்டி இறுக்க உதவும் மின்னணுக் கருவியைப் பற்றியதே இக்கட்டுரை. தொழிற்கூடங்களில் இதனை டிஜிட்டல் டார்க் ரெஞ்ச் என்றும், திருப்புளி வடிவில் இருப்பின் டார்க் ஸ்க்ரூடிரைவர் என்றும் வழங்குவர்.

இரண்டு உலோகங்களைச் சேர்த்து அழுத்தினால் அவை முழுப் பரப்பிலும் தொட்டுக்கொள்கின்றன என்றே நாம் எண்ணுகிறோம். அவ்வாறன்று. கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் செப்புத் தகடும் உருப்பெருக்கியின்கீழ் மேடும் பள்ளமுமாகவே காணப்படும். ஒரு மலைத்தொடரைத் தலைகீழாகக் கவிழ்த்து மற்றொன்றின்மேல் வைத்தாற்போலச் சில கொடுமுடிகள் மட்டுமே ஒன்றையொன்று தீண்டும். மின்சாரம் முழுதும் அச்சில புள்ளிகளின் வழியே நெருக்கிக்கொண்டு செல்ல வேண்டும். இவ்வுண்மையைச் சென்ற நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டியவர் ராக்னர் ஹோல்ம் (1879-1970) என்னும் ஸ்வீடன் நாட்டறிஞர். அழுத்தம் மிகுந்தால் கொடுமுடிகள் நசுங்கித் தொடுபுள்ளிகள் பெருகும், தடை குறையும். அழுத்தம் குறைந்தாலோ இடுக்கில் காற்றும் ஈரமும் புகும். உலோகத்தின்மேல் ஆக்ஸைடுப் படலம் படியும். படலம் தடையைக் கூட்டும். தடை வெப்பத்தைக் கூட்டும். வெப்பம் படலத்தை மேலும் தடிப்பாக்கும். கந்துவட்டிக்குக் கடன்பட்டவன் கணக்கைப் போல் இது தானே வளர்வது.

வெப்பத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, வந்ததைத் தடையால் பெருக்கினால் வாட் கணக்கில் விடை கிடைக்கும். 32 ஆம்பியர் செல்லும் ஓர் இணைப்பின் தடை 1 மில்லி ஓம் ஆயின் அங்கே எழும் வெப்பம் ஏறக்குறைய 1 வாட், அதனால் கேடில்லை. அத்தடை ஓர் ஓமில் பத்திலொரு பங்காக உயர்ந்துவிட்டால் வெப்பம் 102 வாட். முன்னாளில் வீடுதோறும் தொங்கிய நூறு வாட் குண்டு பல்பின் சூடு முழுதும் மிளகளவு இடத்தில் அடங்கிக் கிடக்கிறது என்று கொள்க. அப்பொழுதும் 230 வோல்ட்டில் குறைவது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். விளக்கு மங்காது, மோட்டார் நில்லாது, ஒருவர்க்கும் ஐயம் பிறவாது. கம்பியைப் போர்த்திருக்கும் சாதாரண பி.வி.சி. உறையோ 70 டிகிரி வெப்பத்துக்கென்றே வகுக்கப்பட்டது. தளர்ந்த செப்பு இணைப்பில் நெடுநேரம் பொறி தெறிக்குமாயின் செம்பின் ஆக்ஸைடே தணல்போல் ஒளிர்ந்து ஆயிரம் டிகிரியைக் கடந்துவிடும் என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை.

இனி இவ்விஷயம் எம்மூர்ப் பக்கத்துக்கு எங்ஙனம் பொருந்தும் என்பதைப் பார்க்கலாம். மூலனூர், கரூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் உள்ள சிறு பேரூர்; 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது தாராபுரம் வட்டத்தோடு அதனுள் அடங்கியது. முருங்கைக்கும் பருத்தி ஏலத்துக்கும் பெயர் பெற்றது. ஏலத்தில் விலைபோகும் பருத்தி ஜின்னிங் ஆலை, நூற்பாலை, விசைத்தறி, பின்னலாடைக் கூடம் என்று எவ்வழியாகச் சென்றாலும் அவ்வழியெல்லாம் மின்மோட்டார்கள் உள. திருகாணி தளர்வதற்கும் தீ பரவுவதற்கும் வேண்டுவன யாவும் இங்கே ஒருங்கே அமைந்துள்ளன. தறியின் அதிர்வு இரவும் பகலும் ஓயாது. பஞ்சுத் தூசி பேனல் பெட்டிகளின் இடுக்கெல்லாம் படிந்து திரியைப் போல் காத்திருக்கும். மோட்டார் ஓடும்போது கம்பி சூடேறி விரியும், நிற்கும்போது சுருங்கும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவதாகலின், ஒவ்வொரு விரிவிலும் திருகாணியின் பிடி சிறிது நெகிழும். தோட்டத்துக் கிணற்று மேட்டில் வெயிலில் காயும் ஸ்டார்ட்டர் பெட்டியின் நிலையும் இதுவே.

எங்கள் வட்டாரத்தில் காற்றாலைகள் பல நிற்கின்றன. வானளாவிய அக்கோபுரங்களைப் பிணைக்கும் மரையாணிகளை அளவுகருவி கொண்டே இறுக்குவது அத்தொழிலின் முறை. அக்காற்றாலையின் நிழல் விழும் தோட்டத்திலுள்ள ஸ்டார்ட்டரிலோ, சட்டைப் பையில் செருகிய டெஸ்டரால் இரண்டு திருகு, முடிந்தது வேலை. இரும்பைத் தாங்கும் மரையாணிக்கு உள்ள மதிப்பு மின்சாரத்தைத் தாங்கும் திருகாணிக்கு இல்லாமற்போனது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இணைப்பு ஒன்று செம்மையுறாமையால் நேர்ந்த பெருங்கேட்டுக்கு நம் நாட்டிலேயே நீதிமன்றம் வரையில் ஆராயப்பட்ட சான்று ஒன்று உண்டு. 1997-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், டெல்லியில் உபஹார் என்னும் திரையரங்கில் நிகழ்ந்தது அது. அக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டெல்லி வித்யுத் போர்டின் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது. அன்று காலையில் அதில் தீ தோன்றிப் பழுதுபட, பணியாளர் வந்து கேபிளின் முனையில் புதிய அலுமினிய சாக்கெட்டுகளைப் பொருத்தினர். சாக்கெட்டைக் கம்பியோடு நசுக்கிப் பிணைத்தற்குக் கிரிம்பிங் இயந்திரம் என்று ஒன்று உண்டு. அதனைக் கொள்ளாது, அச்சும் சுத்தியலும் கொண்டு அடித்துச் சேர்த்தனர். மாலை ஏறக்குறைய 5 மணிக்கு அவ்விணைப்புப் பொறி தெறித்துத் தளர்ந்தது. கேபிள் கழன்று டிரான்ஸ்பார்மரின் குளிர்விப்புத் தகட்டின்மேல் படிந்து அதனைத் துளைத்தது. துளையின் வழியே எண்ணெய் ஒழுகித் தீப்பற்றியது. புகை மேலெழுந்து பால்கனியை நிறைத்தது. 59 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இருக்கைகளை மிகுதியாக இட்டு வெளியேறும் வழிகளை அடைத்திருந்தமையே அத்தனை உயிரையும் வாங்கியது என்பதையும் மறைத்தலாகாது. 2014-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு இவற்றையெல்லாம் விரித்துரைக்கின்றது.

அங்கே கைவிடப்பட்டது முறுக்குக் கருவி அன்று, நசுக்குக் கருவி என்பதை அறிவேன். ஆயினும் வேர் ஒன்றே. சுத்தியலால் அடித்தவருக்கு, இணைப்பு இறுகிற்றா என்பதற்குத் தம் கையின் சாட்சியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கை ஏன் பொய்ச்சாட்சி சொல்கிறது? முறுக்கு விசை என்பது தள்ளும் வலிமையையும் தண்டின் நீளத்தையும் பெருக்கி வருவது. செக்கில் நெடுந்தடி பூட்டி மாட்டைச் சுற்றவிடும் சூட்சுமம் இதுதான். 1 மீட்டர் தண்டின் நுனியில் 1 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 100 கிராம் எடையைத் தாங்கும் விசையைச் செலுத்தினால் அது 1 நியூட்டன் மீட்டர். எம்.சி.பி.யின் திருகாணிக்கு 2 அல்லது 2.5 நியூட்டன் மீட்டர் என்று அதனைச் செய்வோர் பலர் குறிக்கின்றனர். 2.5 நியூட்டன் மீட்டரைக் கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரால் செலுத்துவதற்கு நுனியில் 1 கிலோ எடையின் விசை போதும். சிறு பிள்ளையும் செய்யும். அதனையே 3 செண்டிமீட்டர் தடிப்புள்ள பிடியையுடைய திருப்புளியால் செலுத்த வேண்டின், பிடியின் விளிம்பில் 17 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும்! இதனால் திருப்புளி பிடித்தவன் மணிக்கட்டு நோவக்கண்டு 'போதும், நன்றாக இறுகிவிட்டது' என்று குறையில் நிறுத்துவான். ஸ்பேனர் பிடித்தவன் 'இன்னும் இறுகவில்லையே' என்று மேலும் முறுக்கி மரையைத் தின்றுவிடுவான். அறிவு கலங்கியவனை மரை கழன்றவன் என்று நம்மவர் சொல்லும் வழக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதை மரை தின்ற ஒரு பேனலைத் திறந்து பார்த்தவரே அறிவர். இவையன்றி, காலையில் முதற்பெட்டியை இறுக்கிய கையும் மாலையில் நாற்பதாவது பெட்டியை இறுக்கும் கையும் ஒருவனுடையவையாயினும் ஒன்றல்ல.

மிகையும் குறையைப் போலவே தீது. அளவு மீறி முறுக்கினால் பல இழைகளால் ஆன கம்பியின் இழைகள் அறுபடும். சுவிட்சின் கூடு விரியும். மரையாணி தன் மீள்தன்மையை இழந்து நீண்டு, சில நாளில் தானே தளரும். செலுத்தும் முறுக்கில் பெரும்பகுதி மரையிலும் தலையின் அடியிலும் உராய்வை வெல்லுவதற்கே செலவாகிறது. ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே உண்மையான அழுத்தமாக மாறும் என்பது கணக்கு. ஆகவே செய்தவர் சொல்லாதிருக்க மரைக்கு எண்ணெய் இடுவது கூடாது. உராய்வு குறைந்து, அதே எண்ணுக்கு அழுத்தம் மிகுந்துவிடும்.

முறுக்களவு காட்டும் ரெஞ்சை முதலில் அமைத்தவர் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையைச் சேர்ந்த கான்ராட் பார் என்பவர் என்பர், ஆண்டு 1918. நிலத்தடிக் குழாய்களின் மரையாணிகளை ஆட்கள் அளவின்றி முறுக்கிக் கெடுத்ததே அவரைத் தூண்டியது. பின்னர் வந்தது, வைத்த அளவை எட்டியதும் 'கிளிக்' என்று ஒலிக்கும் வில்சுருள் ரெஞ்ச். அது இன்றும் பெருவழக்கில் உள்ளது. மின்னணுக் கருவியில் வில்சுருளுக்குப் பதிலாக ஓர் எஃகுத் தண்டு. அதன்மேல் மயிரிழை போன்ற உலோக வரிகள் ஒட்டப்பட்டிருக்கும். முறுக்கும்போது தண்டு கண்ணுக்குப் புலனாகாத அளவில் நெளியும். உடன் வரியும் நீளும். நீண்டு மெலிந்த கம்பிக்குத் தடை மிகும். இழுபட்ட கம்பியின் தடை மாறுதலை 1856-இல் கண்டவர் பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்ஸன். அதனை ஒட்டி அளக்கும் கருவியாக்கியவர் 1938-இல் சிம்மன்ஸ், ரூஜ் என்னும் இரு அமெரிக்கர். ஒருவரையொருவர் அறியாமலே செய்தனர். அந்நுண்மாற்றத்தை அளந்து சொல்வது, நம் கல்லூரிப் பௌதிக ஆய்வுச்சாலையில் நண்பர்கள் பயிலும் அதே வீட்ஸ்டன் பாலம். இணைப்பில் தடை மிகுதல் பகை. அப்பகையைத் தடுக்கும் கருவியோ தடை மிகுதலைக் கொண்டே அளக்கிறது!

வேண்டிய எண்ணைப் பொத்தானால் குறித்துக்கொண்டு முறுக்கத் தொடங்கினால், திரையில் எண் ஏறிவரும். அளவை அணுகும்போது விளக்கு நிறம் மாறும். எட்டியதும் மணி ஒலிக்கும், கைப்பிடி அதிரும். மிஞ்சினால் அதனையும் காட்டிக்கொடுக்கும். இவ்வகையிற் பல, ஒவ்வொரு திருகாணிக்கும் செலுத்திய அளவை நினைவில் வைத்துக்கொள்ளவும் வல்லன. ஐ.எஸ்.ஓ. 6789 என்னும் உலகத் தரவிதி கைமுறை ரெஞ்சுகளுக்கு நூற்றுக்கு 4 வரையிலும், 10 நியூட்டன் மீட்டருக்கு உட்பட்ட சிறியவற்றுக்கு 6 வரையிலும் பிழையைப் பொறுக்கும். நல்ல மின்னணுக் கருவிகளில் அப்பிழை ஒன்று இரண்டுக்குள் அடங்கும். ஆனால் திரையில் எண் தெரிவதாலேயே அது மெய்யாகிவிடாது. கடைத்தராசுக்கு முத்திரை போல இதற்கும் காலிபரேஷன் வேண்டும். வேறு விதி இல்லாவிடத்து 12 மாதத்துக்கொருமுறை, அல்லது 5,000 முறை பயன்படுத்தியபின், எது முந்தியோ அப்பொழுது. துருவேறிய நட்டைக் கழற்ற இதனை நெம்புகோலாக்கியவன் அன்றே அதனைக் கெடுத்தவனாவான்.

பயன்படுத்துவோர் முதலில் அறிய வேண்டுவது, இக்கருவிகளில் பெரும்பாலானவை மின்காப்பு உடையன அல்ல என்பது. மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் ஒருவரும் போடாவண்ணம் பூட்டி, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்தறிந்த பின்னரே தொடுதல் வேண்டும். அடுத்து, எண்ணை எங்கிருந்து எடுப்பது? சுவிட்சின் உடம்பிலோ அதனோடு வரும் தாளிலோ செய்தவர் குறித்த எண்ணே எண். செப்புப் பட்டைகளைச் சேர்க்கும் 10 மில்லிமீட்டர் மரையாணிக்கு 40 நியூட்டன் மீட்டர் அளவில் வேண்டியிருக்கும் என்று கேட்டு அதனைப் பிறிதொன்றுக்கு ஏற்றுவது ஆபத்து.

கருவி நல்லதாயினும் கம்பி செம்மையாக இராவிடில் பயனில்லை. உறையைத் தக்க நீளம் சீவ வேண்டும். இழை ஒன்றும் வெளியே நில்லாது முழுதும் உள்ளே புக வேண்டும். உறையைச் சேர்த்து இறுக்கிவிடலாகாது. அலுமினியமாயின் படலத்தைத் தேய்த்துப் போக்கி, உடனே அதற்குரிய பசையைத் தடவ வேண்டும். 2024-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் 'டாலி' என்னும் சரக்குக் கப்பல், பெரும்பாலும் இந்தியரையே மாலுமிகளாகக் கொண்டது, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மின்சாரம் இழந்து பாலத்தூணில் மோதியது. பாலம் இடிந்து அதன்மேல் பணிசெய்த 6 பேர் இறந்தனர். மின்சாரம் நின்றதற்குக் காரணம், ஒரு கம்பியின் பெயர்ச்சீட்டுறை தடுத்தமையால் அக்கம்பி இணைப்புக் கட்டையுள் முழுதும் புகாமல் தளர்ந்து நின்றதே என்று 2025-இல் அந்நாட்டு விசாரணைக் குழு கண்டது. அது திருகாணியன்று, வில்பிடி. அங்கே எந்த முறுக்குக் கருவியும் உதவியிராது.

ஆண்டுக்கொருமுறை எல்லாத் திருகாணிகளையும் ஒரு சுற்று இறுக்கிவிடும் வழக்கம் ஆலைகளில் உண்டு. கவலையால் எழுந்த நல்ல வழக்கம்தான். ஆயினும் செய்தவர் கூறாவிடத்து அதனை நான் ஏற்கேன். ஒவ்வொரு சுற்றிலும் கம்பியின் இழைகள் மேலும் நசுங்கி மெலிகின்றன. முதலில் அளந்து இறுக்கி, தலையையும் அடித்தகட்டையும் சேர்த்து வண்ணத்தால் ஒரு கோடு இட்டுவிட்டால், கழன்றது கோடு முறிந்ததால் தெரியும். சுமை ஓடும்போது வெப்பப் படக்கருவியால் பார்த்தால் சூடேறிய இணைப்பு தனித்து ஒளிரும். அவ்வாறு காட்டிய இணைப்பைத் திறந்து, கம்பியைப் புதிதாகச் சீவிச் செய்க; சூட்டில் கருகியதன்மேல் மேலும் முறுக்குவது வீண்.

அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பு 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில், செய்தவர் முறுக்களவை எண்ணாகக் குறித்த இடத்தில் அளவு திருத்திய கருவி கொண்டே இறுக்க வேண்டும் என்று விதித்தது. இங்கிலாந்தில் வீட்டு மின்பெட்டிகள் பல தீப்பற்றியபின், 2016 முதல் அவற்றின் கூடு எரியாப் பொருளாலாக வேண்டும் என்றாயிற்று. தளர்ந்த இணைப்புகளே அத்தீக்களுக்குப் பெருங்காரணமாகக் காணப்பட்டன. நம் நாட்டிலும் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2023-இல் புதுக்கப்பட்டுள்ளன. விதி ஒருபுறம் இருக்க, கருவி மூலனூர்ச் சந்து வரையில் வர வேண்டுமே! அதன் விலை சில ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. நாட்கூலிக்கு வேலை செய்யும் கம்பியாளருக்கு அது பெருந்தொகை. முழு ரெஞ்சுக்குப் பதிலாக, உள்ள கைப்பிடிக்கும் பொருத்துக்கும் இடையே செருகிக்கொள்ளும் சிறு டிஜிட்டல் அடாப்டர்களும் கிடைக்கின்றன. நான்கைந்து கம்பியாளர் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துக் கொள்ளுதல் இயலாததன்று; மின்சாமான் கடைக்காரர் ஒருவர் வாங்கி வைத்து, துளைக்கும் இயந்திரத்தை நாள்வாடகைக்குத் தருவதுபோலத் தரவும் கூடும்.

முப்பது ஆண்டு தொழில் செய்த கைக்கு ஒரு பொறி கற்பிப்பதா என்று பெரியவர் சிலர் நகைப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர் கையை நான் இகழேன். கம்பியைச் சீவி வளைத்து அமைக்கும் நேர்த்தி எந்த எண்ணுக்கும் அகப்படாது. ஆனால் தீ நேர்ந்தபின் பழி முதலில் வந்து சேர்வது அக்கம்பியாளரையே. அப்பொழுது அவர் கை யாருக்கும் ஒன்றும் சொல்ல மாட்டாது. பேனல் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, நாள், திருகாணியின் இடம், குறித்த அளவு, செலுத்திய அளவு, கையொப்பம் என்று ஐந்து கட்டங்களில் எழுதிவைக்க ஐந்து நிமிடம் செல்லும். கருவியின் நினைவில் உள்ள எண்களையே அத்தாளில் பெயர்த்தெழுதலாம். பெட்டியை அடுத்துத் திறக்கும் கம்பியாளர் யாராயினும் எதிலிருந்து தொடங்குவது என்பதை அதில் பார்த்துக்கொள்வார்.